பூட்டறையைத் துடைக்கப் போனவள்

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் நான் தூங்கிவிடுவேன். கிடைக்காத நாட்களில்தான் மற்றவர்கள் எழுதிய கதைகளைப் படிப்பது. எங்கள் ஆலைத் தமிழ்வாணன் எழுதிய கதை வந்த வாரம் எனக்கு வெள்ளிக்கிழமை வரை ஜன்னலோரம் அமையவில்லை. அதனால் அந்தக் கதையில் வரும் கொலைகாரனோடு சேரப்பணஞ்சேரியிலிருந்து வல்லம் வடகாலுக்குப் போவதும், அவனோடேயே திரும்பி வருவதுமாக இருந்தேன்.

எங்கள் கதைக் குழுவுக்கு 'இருட்டுக் கிடங்கு' என்று பெயர். ஊரடங்கில் ஆலைகள் மூடிக் கிடந்தபோது, சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜில் மாட்டிக்கொண்ட நான்கைந்து பேர் போனில் ஆரம்பித்தது. பரசுராமன் என்பவர்தான் முதல் கதையை எழுதினார். பூமிக்கு அடியில் ஒரு நிறுவனம் இருக்கிறது. வெளியே விடக் கூடாத பொருட்களையும் மனிதர்களையும் அங்கே பூட்டி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் அடித்தளம். அதன்மேல் யார் வேண்டுமானாலும் எழுதலாம். விதி என்று இரண்டுதான். ஒரு கதை வெளியாவதற்கு முன் இரண்டு பேர் படித்துக் குறை சொல்லி, கடைசியில் இருவரும் சரி என்று சொல்ல வேண்டும். வெளியான கதையில் நடந்துவிட்டதை, பின்னால் எழுத வருகிறவர் நடக்கவில்லை என்று ஆக்கக் கூடாது.

நான் ஆலையில் க்வாலிட்டியில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் குறை சொல்லும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டார்கள். காருக்குப் போகும் அலுமினிய உறைகளை விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை உள்ளதை ஒதுக்குவது என் வேலை. ஷிப்ட் முழுக்க அதையே செய்துவிட்டு பஸ்ஸிலும் அதைச் செய்ய ஏன் ஒப்புக்கொண்டேன் என்று யோசித்திருக்கிறேன். வேறு எந்த இடத்திலும் நான் என்ன நினைக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பெரிய காரணமாகத் தோன்றவில்லை.

பரசுராமன் எழுதிய முதல் கதையில் ஒரு கொலைகாரன் வருவான். தூக்கில் போட்டும் சாகாததால் அவனைப் பூட்டறையில் வைத்திருப்பார்கள். அந்தக் கதையில் அவன் ஒன்றுமே செய்ய மாட்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்; கதவு திறக்கும்போதெல்லாம் தண்ணீர் கேட்பான். அதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

பிறகு ஆளாளுக்கு அவனைக் கொல்ல முயன்றார்கள். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஆலைதான். ஒருவர் அவனைப் பெரிய பிரஸ்ஸுக்குள் வைத்து நசுக்கினார். இன்னொருவர் பெயின்ட் காயவைக்கும் அடுப்பில் போட்டார். துரு எடுக்கும் அமிலத் தொட்டியில் முக்கினார் ஒருவர். ஒவ்வொன்றிலும் அவன் எழுந்து வந்தான். நடந்ததை மாற்றக் கூடாது என்ற விதியால், அடுத்தவர் இன்னும் பெரிய இயந்திரத்தைத் தேட வேண்டியிருந்தது. அப்படியே அவன் வளர்ந்தான். சிரிக்கக் கற்றுக்கொண்டான். பஞ்ச் டயலாக் பேசினான். தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டான்.

தமிழ்வாணன் எங்கள் ஆலையில் வார்ப்புப் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளி. உருகிய அலுமினியம் அவனுடைய பகுதி என்பதால், அவன் கதையில் கொலைகாரன் மேல் அதை ஊற்றினான். கொலைகாரன் வெள்ளிச் சிலைபோல நின்று, பிறகு விரல்களை அசைத்தான்.

இந்தக் கதை குழுவோடு நிற்கப் போவதில்லை. சென்னையில் ஆடியோ கதைகள் வெளியிடும் ஒரு செயலிக்காரர்கள் பூட்டறை ஆளின் கதை ஒன்றைக் கேட்டிருந்தார்கள். குழுவில் எல்லோரும் தமிழ்வாணனையே எழுதச் சொன்னார்கள். கதையின் தொடக்கத்தில் 'எழுதியவர் தமிழ்வாணன்' என்று ஒரு குரல் சொல்லும். அதற்காகத்தான் அவன் உயிரை விட்டுக்கொண்டிருந்தான். குழு விதிப்படி இரண்டு பேர் சரி சொன்னால்தான் கதை போகும். படிக்க வேண்டிய இன்னொருவரான சண்முகசுந்தரம் படித்தாரோ இல்லையோ, கட்டை விரலை உயர்த்தி அனுப்பிவிட்டார். என்னுடையது மட்டும் பாக்கி.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் தமிழ்வாணன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"இன்னாக்கா, படிச்சியா இல்லியா? நீ இன்னும் ஒரு வார்த்தை சொல்லல."

"படிச்சேன்பா. ரெண்டு தடவ."

"நல்லாக் கீதா?"

"உன் எழுத்து நல்லாத்தான் இருக்கு. அந்த ஆள்தான் அலுப்பா இருக்கான்."

அவன் சாம்பாரை அப்பளத்தால் தள்ளிக்கொண்டே என்னைப் பார்த்தான். "அலுப்பா? அலுமினியம் ஊத்துறேன்க்கா அவன் மேல. அறநூறு டிகிரிக்கு மேல. அலுப்புன்ற."

"ஊத்தினாலும் சாவ மாட்டான்னு மொத வரியிலயே தெரியுதே. அப்புறம் நான் எதுக்குப் பயப்படணும்?"

"சரி, அப்போ எது பயம்?"

நான் போனை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். 'உறைந்த உலோகத்தை அகற்றச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் திரும்பவில்லை.' அதற்கு அடுத்த வரியில் கொலைகாரன் சிரிக்கிறான். அந்தப் பல்லுக்கு மட்டும் ஒரு பத்தி.

"யாருப்பா இவங்க?"

"யாருன்னா? சாவுறவங்க. யாராவது சாவணும்லக்கா, அப்பதானே அவன் பெரிய ஆளு."

"இதுவரைக்கும் வந்த எல்லாக் கதையையும் தேடிப் பாத்தேன். உள்ள போயி செத்தவங்க எல்லாம் கான்ட்ராக்ட்டு. ஒருத்தருக்கும் பேரு கெடையாது. எழுதினது யாரு? நீங்க எல்லாரும். நீ இப்ப போட்டிருக்கிற சட்ட இன்னா கலரு?"

எங்கள் ஆலையில் நிரந்தர ஆட்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, ஒப்பந்த ஆட்களுக்கு நீலம். அவன் தன் நீலச் சட்டையைக் குனிந்து பார்க்கவில்லை. என் சாம்பல் சட்டையைத்தான் பார்த்தான்.

"அண்ணாதுரைக்கு வெரலு போச்சே, அன்னிக்கு கேட்டாண்ட போர்டு மாறிச்சா?" என்றேன். விபத்தில்லாத நாட்களை எண்ணும் பலகை வாசலில் இருக்கிறது. அண்ணாதுரை ஒப்பந்த ஆள் என்பதால் அது கம்பெனியின் விபத்தில் சேரவில்லை. எண் மறுநாளும் ஒன்று கூடியது.

"மாறல," என்றான். கொஞ்ச நேரம் சாப்பிட்டான். குரலை உயர்த்தாமல் சொன்னான்: "அக்கா, நான் நாள் முழுக்க இந்தச் சட்டையிலதான் கீறேன். எழுதசொல்லோவும் இதையே போட்டுக்கணுமா? எழுதறப்போ நான் அந்த ஆளு. இன்னா ஊத்தினாலும் எழுந்து வர்ற ஆளு. சாவுறவன் கெடையாது. நீ பர்மனென்ட்டு, உனுக்கு சாவுறவன் மேல பாசம் வரும்."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, "பாத்து எழுதுக்கா. திங்கக்கெழம அனுப்பணும்," என்று மட்டும் சொன்னான்.

மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. தூக்கம் வரவில்லை. அவன் சொன்னதில் எது என்னைக் குத்தியது என்று தேடிக்கொண்டே வந்தேன். நிரந்தரமாவதற்கு முன்னால் நானும் நீலச் சட்டையில்தான் இருந்தேன். அப்போது நான் எந்தக் கதையும் எழுதவில்லை. யாருடைய கதையிலும் குறை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் விழுந்து தூங்கினேன். சாகிறவர்களைப் பற்றிக் கவலைப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. சட்டை மாறியதும் எனக்கு அந்தத் தெம்பு கிடைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, தெம்பில்லாத ஒருவனிடம் போய் ஏன் கவலைப்படவில்லை என்று கேட்டிருக்கிறேன்.

ஆனாலும் அந்த ஆள் அலுப்பாகத்தான் இருந்தான். இரண்டுமே உண்மையாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, துணி காயப்போட்டுவிட்டு, போனை எடுத்து உட்கார்ந்தேன். என் கணவர் ஜெபர்சன் ஒரகடத்தில் வேறொரு ஆலையில் வேலை செய்கிறார். ஊர் தெற்கே, நாசரேத் பக்கம். வார நாட்களில் அவர் ஷிப்டும் என் ஷிப்டும் வாசற்படியில் சந்தித்துக்கொள்வதோடு சரி.

"என்ன வாசிக்க?"

"அந்தச் சாவாத ஆளு கதைதான்."

"செத்தும் எந்திரிச்சு வந்தவரு ஒருத்தர் போதாதாக்கும்? இப்பதான அவரைக் கும்பிட்டுட்டு வந்தோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தரையில் படுத்து ஃபேனைப் பார்த்தபடி கேட்டார்: "அவன் எதுக்குத்தான் எல்லாரையும் கொல்லுதான்?"

"தெரியல. யாரும் எழுதல."

"பொறவென்ன. அவனுக்கும் அது டூட்டிதான். பாவம், அவனும் தூங்கணும்னு நெனப்பான்." சொல்லிவிட்டு அவரே தூங்கிப்போனார்.

நான் எழுதினேன். குழுவின் வழக்கப்படி எழுதியவரும் படிக்கிற இருவரும் பார்க்கும் இடத்தில்தான் எழுத வேண்டும்.

'இந்த ஆளைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. என்ன செய்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாத ஒருவனுக்கு அடுத்து என்ன ஆகும் என்று நான் ஏன் காத்திருக்க வேண்டும்? நாம் எல்லோரும் சேர்ந்து அவனுக்குப் பலத்தைக் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் ஒரு இயந்திரமாக்கி வைத்திருக்கிறோம். ஆனால் உலோகத்தை அகற்ற உள்ளே போகிறார்களே, அவர்களுக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம். கதை அவர்களிடம் இருக்கிறது. ஏன் போனார்கள்? போகும்போது தெரியுமா? ஒரே ஒருவரையாவது பெயர் சொல்லி உள்ளே அனுப்பினால் நான் சரி என்கிறேன். நீ எதற்காக அவனை எழுதுகிறாய் என்று சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. அதற்கு என்னிடம் பதிலும் இல்லை.'

கடைசி மூன்று வாக்கியங்களை அழித்தேன். பிறகு திரும்பச் சேர்த்தேன். அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை பஸ் ஏறியபோது புதிய வடிவம் வந்திருந்தது. மேலே ஒரு குறிப்பு: 'பேரு கேட்டியே, வச்சிட்டேன்.'

உள்ளே போகிறவளுக்கு லிடியா என்று பெயர் வைத்திருந்தான். என் பெயர். கதையில் அவள் துப்புரவுப் பணியில் இருந்தாள். நீலச் சட்டை போட்டிருந்தாள்.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் பார்க்கிறாரோ என்று போனைச் சாய்த்துக்கொண்டேன். என்னைத் தண்டிப்பதற்காகத்தான் அவன் எழுத ஆரம்பித்திருக்கிறான்; அது முதல் நான்கு வரிகளில் தெரிந்தது. மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிடும் விதம், அவள் எதிர்த்துப் பேசும் விதம், எல்லாவற்றிலும் ஒரு நக்கல். ஆனால் அதற்கப்புறம் அவன் கை வேறு எங்கோ போயிருந்தது.

'லிடியா மோதிரத்தைக் கழற்றினாள். கைக்குட்டையின் மூலையில் வைத்து முடிந்தாள். முடிச்சைச் சட்டைப் பைக்குள் திணித்து ஊக்கு குத்தினாள். உள்ளே மோதிரம் போடக் கூடாது. உள்ளே போன யாரும் திரும்பி வந்து மோதிரத்தை மாட்டிக்கொண்டதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஊக்கு சரியாக மூடியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். போக மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் நாளைக்கு வர வேண்டாம் என்பார்கள். நாளைக்கு வர வேண்டும் என்பதற்காக உள்ளே போனாள்.'

தினமும் லைனுக்குப் போகும் முன் நான் செய்வது அதுதான். உறைகளில் கீறல் விழும் என்று மோதிரம் போட விடமாட்டார்கள். லாக்கரை நம்பாமல் கைக்குட்டையில் முடிந்து ஊக்கு குத்திக்கொள்வேன். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான். ஜெபர்சன்கூட ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை. ஊக்கை அழுத்திப் பார்ப்பேன் என்பது எனக்கே அவன் எழுதித்தான் தெரிந்தது.

பிறகு பூட்டறை ஆள் வந்தான். அவன் அவளைக் கொன்றது இரண்டு வரிதான். பல்லைப் பற்றிய பத்தி காணாமல் போயிருந்தது.

நான் சரி என்று எழுதி அனுப்பினேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. எழுத நிறைய இருந்தது. ஆனால் பஸ் வாசலுக்கு வந்துவிட்டது.

குழுவில் கதை வெளியானதும் ஒரே அமளி. கொலைகாரனைப் பற்றி யாரும் பேசவில்லை. 'லிடியா அக்காவ ஏன்யா கொன்ன' என்று கேட்டார்கள். சண்முகசுந்தரம் மாலை போட்ட படம் ஒன்றை அனுப்பினார். அதில் என் முகப்புப் படத்தை ஒட்டியிருந்தார். மாலை சற்றுக் கோணலாக இருந்தது. சசிகலா என்ற பெண், லிடியாவைப் பிழைக்க வைத்து அடுத்த கதையை ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். லிடியாவுக்கும் அலுமினியம் பட்டு ஒரு சக்தி வந்துவிடுமாம். அவளும் சாக மாட்டாளாம்.

"வேண்டாம்மா," என்று குரல் செய்தி அனுப்பினேன். "நடந்தது நடந்ததுதான். அதான விதி. அவளையும் எழுப்பி வுட்டா, அப்புறம் அவளுக்கும் ஒண்ணும் ஆவாது. செத்துட்டான்னு இருக்கட்டும். ஒரு நாளு யாராவது வருத்தப்படட்டும்."

அனுப்பிய பிறகு என் குரலை நானே கேட்டேன். சாகக் கெஞ்சுகிற குரலாக இல்லை. கூடுதல் நேரம் ஓ.டி. பார்க்கச் சொல்கிறவர்களிடம் இன்று முடியாது என்று சொல்கிற குரலாக இருந்தது.

தமிழ்வாணன் கேன்டீனில் என்னைப் பார்த்தால் வேறு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தான். செயலிக்காரர்களிடமிருந்து பதில் வந்த அன்று நேராக என்னிடம் வந்தான்.

"எடுத்துக்கிறாங்களாம்க்கா."

"நல்லதுப்பா."

"ஆனா அந்தத் தொடைக்கிற பொம்பள பாகம் வேணாமாம். ஸ்லோவா கீதாம். கொலகாரன் மூணாவது நிமிஷத்துல வரணுமாம். மொதல்ல நான் போன்ல சொன்ன பல்லு மேட்டர கேட்டு வாங்குறாங்க. 'கிளீனர் போனா, திரும்பல'ன்னு ஒரு லைன்ல முடிக்கச் சொல்றாங்க." அவன் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் டம்ளரைச் சுற்றினான். "இன்னா பண்றது?"

இங்கே நான் சொல்ல வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. விட்டுக்கொடுக்காதே என்று. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது, சொல்கிறவள் யார் என்று யோசனை வந்தது. அவன் பெயர் ஒரு குரலில் ஒலிக்கப் போகிறது. சம்பளச் சீட்டில்கூட அவன் பெயருக்கு முன்னால் ஒப்பந்தக்காரரின் பெயர்தான் வரும்.

"எடுத்துடு," என்றேன்.

"நெசமாவா சொல்ற?"

"எழுதினது எழுதினதுதான். குழுவுல இருக்குல்ல. எடுத்துக் குடு."

"உனுக்குக் கோவம் இல்லியே?"

"இல்லப்பா. அசதிதான்."

அவன் தலையாட்டினான். நிம்மதியாகப் போவான் என்று நினைத்தேன். நின்று, எதையோ சொல்ல நினைத்து, மணி அடித்ததும் போய்விட்டான். நான் சொன்னது உண்மைதானா என்று அன்று முழுக்க உறைகளைத் திருப்பியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை என்பது உண்மை. இரண்டாம் முறையும் நான் செத்துப்போனது போலிருந்ததும் உண்மை. இந்த முறை பெயர்கூட இல்லாமல்.

அடுத்த மாதம் கதை வெளியானது. தமிழ்வாணன் இணைப்பை அனுப்பியிருந்தான். மாலை பஸ்ஸில் பக்கத்தில் சின்னப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஆலையில் தரை துடைக்கும் வேலை. வேலை முடிந்து ஏறியதும் போனில் ஏதாவது கதை கேட்டுக்கொண்டே வருவாள். அன்று அவள் போனில் சார்ஜ் இல்லை.

"இன்னா கேக்கற? எனுக்கும் ஒண்ணு குடு," என்றாள். இயர்போனில் ஒன்றை அவள் காதுக்குக் கொடுத்தேன்.

'எழுதியவர் தமிழ்வாணன்' என்றது குரல். கனமான, நல்ல குரல். "நம்ப தமிழ்வாணனா?" என்றாள் சின்னப்பொண்ணு; தலையாட்டினேன். இசை வந்தது. அலுமினியம் கொதித்தது. மூன்றாவது நிமிடத்தில் பூட்டறை ஆள் வந்துவிட்டான். பிறகு அந்த இடம் வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

'அறையைத் துடைக்க ஒருத்தி போனாள். போவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, சட்டைக்குள் ஊக்கு குத்திக்கொண்டாள். அவள் திரும்பவில்லை.'

அவ்வளவுதான். உடனே அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத் தனியாக எதிரொலி போட்டிருந்தார்கள். மிச்சக் கதை முழுக்க அவன்தான். கடைசியில் கதவை உடைத்துக்கொண்டு அடுத்த பாகத்துக்காக நடந்து போனான். சாகவில்லை. இனியும் சாகப் போவதில்லை. அடுத்து எழுதுகிறவர் இன்னும் பெரிய ஒன்றைத் தேடுவார். அதையும் எனக்குத்தான் அனுப்புவார்கள்; நானும் படிப்பேன்.

இசை அடங்கியதும் சின்னப்பொண்ணு இயர்போனைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தாள். ஒரகடம் மேம்பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் அடுத்த ஷிப்டுக்கான பஸ்கள் விளக்கில்லாமல் வரிசையாக நின்றன.

"நல்லாத்தான் கத்துறான்," என்றாள். கொஞ்சம் கழித்துக் கேட்டாள்: "ஆமா, அந்த மோதிரம் இன்னா ஆச்சு?"

"எந்த மோதிரம்?"

"அந்தப் பொண்ணு முடிஞ்சினு போச்சே. ஊக்கு குத்தினு."

"தெரியல. அதுக்கப்புறம் கதையில வரல."

"வரலன்னா? அவ வூட்டுல புருஷன் கீறானோ, புள்ள கீதோ. யாராவது போயி எடுத்தாந்து குடுக்கணும்ல."

நான் என் சட்டைப் பையைத் தொட்டேன். கைக்குட்டை இருந்தது. லைனை விட்டு வந்ததும் மாட்டிக்கொள்ள வேண்டியதை அன்று மறந்திருந்தேன்.

"நீ எழுதறவங்களக் கேளு," என்றாள் சின்னப்பொண்ணு. அவள் கண் மூடிக்கொண்டிருந்தது. "நம்ப பஸ்ஸுதான, அந்தப் பையன்? கேட்டுச் சொல்லு."

"சொல்றேன்," என்றேன். அவள் தலை என் தோளில் சாய்ந்தது. அவள் எழுந்துவிடக் கூடாதே என்று அசையாமல், ஒரு கையாலேயே ஊக்கைக் கழற்ற முயன்றேன்.